பூட்டிய ஃபோல்டர் 404 காட்டினால்: ஷேர்டு ஹோஸ்டிங்கில் சரிசெய்யும் வழி

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகர் வட்டத்துக்கு வேர்ட்பிரஸில் ஒரு தளம் உண்டு. கூட்டக் குறிப்புகள் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு ஃபோல்டரைப் பூட்டினோம். கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்தில் வேர்ட்பிரஸின் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பக்கம் வந்தது. அதைச் சரிசெய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் .எச்டிஅக்சஸ் ஃபைலின் பெயர் புள்ளியில் தொடங்குவதால், இல்லாவிட்டால் கண்ணில் படாது. அதற்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் தளம் முழுக்க 500 பிழை (சர்வர் கோளாறு) காட்டும்.

அடுத்து, 'டொமைன்ஸ்' பக்கத்தில் எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) கட்டாயம் என்பதை ஆன் செய்யுங்கள். இந்த வகைப் பூட்டில் கடவுச்சொல் தானாக மறையாக்கம் ஆவதில்லை. எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் வழியில் யாரும் படித்துவிடலாம்.

பூட்டுவதற்கு சிபேனலின் 'டைரக்டரி பிரைவசி' போதும். பூட்டும் வரிகளை .எச்டிஅக்சஸில் கையால் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல் ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆத்யூசர்ஃபைல் வரியில் /ஹோம்/ என்று தொடங்கும் சர்வரின் முழுப் பாதை வேண்டும். அது தப்பினால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும், சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் 500தான். சிபேனல் அதைத் தானே எழுதி, கடவுச்சொல் ஃபைலையும், தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே வைத்துவிடும்.

சரி, அந்த 404 எங்கிருந்து வருகிறது? பூட்டிய ஃபோல்டரைக் கேட்டதும் சர்வர் மென்பொருளான அப்பாச்சி 401 ('கடவுச்சொல் தேவை') என்று பதில் சொல்லி, அதற்கான பிழைப் பக்கத்தைத் தேடுகிறது. பல ஹோஸ்டிங்குகளில் 401.எஸ்எச்டிஎம்எல் என்று பெயர் மட்டும் கொடுத்திருப்பார்கள், ஃபைல் இருக்காது. இல்லாத எந்த முகவரியையும் இன்டெக்ஸ்.பிஎச்பி-க்கு அனுப்புவது வேர்ட்பிரஸின் ரீரைட் விதி. அது இதையும் பிடித்து, "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்கிறது. உங்கள் பூட்டில் குறையே இல்லை.

தீர்வு ஒரே வரி: எரர்டாக்குமென்ட் 401 டிஃபால்ட். ஆங்கில எழுத்தில், எரர்டாக்குமென்ட் என்பதை ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பப்ளிக்_எச்டிஎம்எல்லில் உள்ள .எச்டிஅக்சஸில், 'பிகின் வேர்ட்பிரஸ்' என்ற வரிக்கு மேலே போடுங்கள். அதற்கும் 'எண்ட் வேர்ட்பிரஸ்' வரிக்கும் நடுவே எழுதுவதை வேர்ட்பிரஸ் எப்போது வேண்டுமானாலும் அழித்து எழுதிவிடும். அப்புறம் பிரவுசரின் பிரைவேட் ஜன்னலில் திறந்து பாருங்கள், பெட்டி வரும்.

பின்சேர்க்கை: ஜெயநகர் நண்பர் ஒருவருக்கு எச்டிடிபிஎஸ்ஸை ஆன் செய்ததும் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கிளவுட்ஃபிளேர் (வாசகருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் ஒரு சேவை) வைத்திருந்தார். அங்கே எஸ்எஸ்எல் 'ஃபிளெக்ஸிபிள்' என்றிருந்தால் சர்வருக்கு எப்போதும் எச்டிடிபி-யில்தான் கோரிக்கை வரும், சர்வரும் விடாமல் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பும். சர்வரில் சான்றிதழ் இருப்பதை உறுதி செய்துகொண்டு 'ஃபுல்' என்று மாற்றுங்கள்.