மேலதிகாரிமீதான கட்டண முறைப்பாடு: பிரித்தானிய இலங்கைக் கோப்பொன்றை வாசிக்கும் முறை

பிரித்தானியர் ஆண்ட இலங்கையில், தம் மேலதிகாரி அலுவலகக் கட்டணங்களை முறைகேடாகக் கையாண்டார் என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் எழுதிய முறைப்பாடு ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டால், அதன் கோபத்தையும் உருக்கத்தையும் சற்றுத் தள்ளிவைத்து, அந்தக் கட்டணம் சட்டப்படி யாருக்கு உரியது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல பதவிகளுக்குச் சம்பளத்தோடு கட்டணமும் வருமானமாக இருந்தது. சில பதவிகள் கட்டணத்தையே நம்பியிருந்தன. இன்று கையாடலாகத் தெரிவது அன்று உரிமையாக இருந்திருக்கலாம். கட்டணங்களைத் திறைசேரியில் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு ஒரு பதவிக்கு வந்தபின், அதே செயல் குற்றமாகிவிடும். ஆகவே முறைப்பாட்டின் தேதியும் அந்த ஏற்பாட்டின் தேதியும் தெரியாமல் மேலே நகர்வதில் பயனில்லை.

இதற்கு நீலப் புத்தகங்கள் உதவும். 1820களிலிருந்து ஒவ்வொரு குடியேற்ற நாடும் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பிய இத்தொகுப்புகளில் உத்தியோகத்தர் பட்டியலும் கட்டண விவரங்களும் உண்டு. இலங்கைக்குரியவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 59 வரிசையில் உள்ளன (சி.ஓ. என்பது லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆவணங்களைக் குறிக்கும் சுருக்கம்). முறைப்பாட்டு ஆண்டோடு நிறுத்தாமல் அதற்கு முந்திய, பிந்திய ஆண்டுகளையும் ஒப்பிட்டால், குறித்த பதவியின் வருமானம் எப்போது மாறியது என்பது புலப்படும். 1825க்கு முந்திய தொகைகள் பெரும்பாலும் இறைசால் எனப்பட்ட றிக்ஸ்டொலரில் இருக்கும். அந்த ஆண்டில் ஸ்டெர்லிங் நாணயத்துக்கு மாறியபோது ஒரு றிக்ஸ்டொலர் 1 ஷில்லிங் 6 பென்ஸாக மதிக்கப்பட்டது. இதைக் கவனியாமல் இரு காலத்துத் தொகைகளையும் ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துவிடும்.

அடுத்து, கடிதம் சென்ற வழியைப் பின்தொடர வேண்டும். 1837இல் வெளியான குடியேற்ற நாட்டுச் சேவை விதிகளின்படி, லண்டனில் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராகிய இராஜாங்கச் செயலாளருக்கு எழுதும் உத்தியோகத்தர் தேசாதிபதி (கவர்னர்) ஊடாகவே அனுப்ப வேண்டும். இதனால் முறைப்பாடு பெரும்பாலும் தேசாதிபதியின் கடிதத்துக்கு இணைப்பாக, சி.ஓ. 54 வரிசையில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் விளக்கத்தோடு சேர்ந்தே கிடைக்கும். இங்கே என் பரிந்துரை, தேசாதிபதியின் கடிதத்தைக் கடைசியில் வாசியுங்கள் என்பதே. அது கோப்பின் மேலே இருப்பதால் முதலில் கண்ணில் படும். அதன் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டவர் இணைப்புகளை அந்தச் சாயலோடுதான் வாசிப்பார். விதியை மீறி நேரே எழுதப்பட்ட கடிதங்களை, தனிநபர் கடிதங்களுக்கென ஒதுக்கிய பகுதியில் தேடலாம். ஓரங்களிலும் பின்பக்கத்திலும் உள்ள குறிப்புகளை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. 1836 முதல் 1847 வரை குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்டீவனோ, அவருக்குப் பின் வந்த ஹெர்மன் மெரிவேலோ எழுதிய சில வரிகள், அனுப்பப்பட்ட நாகரிகமான பதிலைவிட லண்டனின் உண்மையான எண்ணத்தைத் தெளிவாகக் காட்டக்கூடும். அனுப்பிய பதிலின் பிரதி சி.ஓ. 55இல் இருக்கலாம்.

இனி, குற்றச்சாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'முறைகேடு' என்ற ஒரே சொல்லின்கீழ் மனுதாரர் பலவற்றை அடுக்கியிருப்பார்: அட்டவணையை மீறி அதிகம் வாங்கியது, வாங்கியதைப் பதிவேட்டில் எழுதாதது, கட்டணமே இல்லாத வேலைக்குப் பணம் கேட்டது, கீழுள்ளவருக்குரிய பங்கைத் தடுத்துக்கொண்டது, திறைசேரிக்குச் செலுத்த வேண்டியதை மாதக்கணக்கில் கையில் வைத்திருந்தது. இவற்றில் கடைசியிலிருந்து இரண்டாவது, பொதுப்பணத் திருட்டு அல்ல, பங்குத் தகராறு. மனுவில் செலுத்தியவர் பெயரும் தேதியும் தொகையும் இருந்தால் அதற்குத் தனி எடை உண்டு. கச்சேரி (மாவட்ட அரசாங்க நிர்வாக அலுவலகம்), சுங்கம் அல்லது நீதிமன்றப் பதிவேடு கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் எஞ்சியிருந்தால், அந்த வரிகளை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கலாம். வெறும் அடைமொழிகளை அடுக்கிய மனுவிடம் அந்த வாய்ப்பு இல்லை.

மனுதாரரின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும், ஆனால் அளவோடு. பதவி உயர்வு மறுக்கப்பட்டபின் எழுதினார் என்பதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது. காசேட்டைக் கையில் வைத்திருந்த எழுத்தருக்கே முறைகேடு தெரிந்திருக்கும். அவரே உடந்தையாக இருந்தார் என்று மேலதிகாரி திருப்பிச் சொல்வதற்கும் அதுவே இடம் கொடுக்கும். மனுதாரர் உள்ளூர்க்காரராகவும் எதிராளி ஐரோப்பியச் சிவில் சேவையாளராகவும் இருந்தால், விசாரித்தவர் யார், சாட்சிகள் யார் முன்னிலையில் கேட்கப்பட்டனர், மனுதாரர் குறுக்கு விசாரணை செய்ய விடப்பட்டாரா என்பவற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முடிவை எடைபோடும்போது இடமாற்றத்தையும் நீண்ட விடுமுறையையும் குற்ற ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது; சங்கடத்தை ஓசையின்றித் தீர்க்கவும் அவை பயன்பட்டிருக்கலாம். பணத்தைத் திருப்பிச் செலுத்தும்படி இட்ட உத்தரவும், அது கணக்கில் வரவாகப் பதிவானதும் அவற்றைவிட உறுதியான சான்றுகள். பதிவேடும் கணக்கும் கிடைக்காவிட்டால், ஆய்வுரையில் 'கையாடினார்' என்று எழுதாமல், யார், எந்தத் தேதியில், எவ்வளவு தொகை குறித்துக் குற்றஞ்சாட்டினார், அதற்கு என்ன பதில் பதிவாகியுள்ளது என்பதை மட்டும் எழுதுங்கள்.