அட்டையில் ஓர் இரும்புக் கப்பல்: ‘மானிட்டர்’ மாதிரி செய்வோம்

1862 மார்ச் 8. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் வடக்குத் தரப்பின் இரண்டு மரக் கப்பல்கள் ஒரே பகலில் அழிந்தன. ‘கம்பர்லாந்து’ முட்டி மூழ்கடிக்கப்பட்டது, ‘காங்கிரஸ்’ தீப்பிடித்து எரிந்தது. இரண்டையும் முடித்தது தெற்குத் தரப்பின் இரும்புக் கவசக் கப்பலான ‘வர்ஜீனியா’. அன்றிரவே வடக்கின் ‘மானிட்டர்’ வந்து சேர்ந்தது. மறுநாள் காலை இரண்டும் மோதின. கவசக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிய முதல் சண்டை அதுதான்.

புதிதாக மாதிரி செய்பவர்கள் மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். வர்ஜீனியாவின் கவசக்கூடு ஏறக்குறைய 36 பாகை சாய்வு, முனைகளில் வளைவு வேறு. அதை அட்டையில் வெட்டுவதற்குள் பொறுமை போய்விடும். மானிட்டர் ஒரு தட்டை, அதன்மேல் ஒரு வட்டக் கூண்டு, அவ்வளவுதான்.

தேவையானவை

2 மி.மீ. தடிமனான பைண்டிங் அட்டை, 32 மி.மீ. பிவிசி பைப் துண்டு (பிளம்பரிடம் கேட்டால் வெட்டிப் போட்டது கிடைக்கும்), ஃபெவிகால், பேப்பர் கட்டர், ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள், குண்டூசி, பல்குச்சி, மினுமினுப்பில்லாத கறுப்பு பெயிண்ட். நம் அளவில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 2 மீட்டர்.

படி 1: தளம்

அட்டையில் 27.3 செ.மீ. நீளம், 6.3 செ.மீ. அகலத்துக்குச் செவ்வகம் வரையுங்கள். நடுக்கோடு போட்டு, இரு முனைகளையும் கூராக வளைத்து வெட்டுங்கள். நடுப்பகுதியின் பக்கங்கள் நேராகவே இருக்கட்டும்.

இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே என்று இன்னோர் அட்டையை ஒட்டத் தோன்றும். வேண்டாம். நிஜக் கப்பலின் தளமே தண்ணீருக்கு மேல் சுமார் 45 செ.மீ.தான் தெரிந்தது. நம் அளவில் அது 2 மி.மீ.க்குச் சற்றே அதிகம், ஒரே அட்டை போதும். வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்த பொறியாளர் ஜான் எரிக்ஸன். எதிரி குறிபார்க்கக் கூண்டைத் தவிர அதிகம் எதுவும் மிஞ்சக்கூடாது என்பது அவர் கணக்கு. அமைதியான நீரில் அது பலித்தது. கடலில் அதற்குத் தனி விலை இருந்தது: அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலையில் ஹாட்டெரஸ் முனைக்கு அப்பால் புயலில் சிக்கி மூழ்கியது, 16 பேர் இறந்தார்கள்.

படி 2: சுழலும் கூண்டு

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலின் உயிரே இதில்தான். பைப்பில் நேர்விளிம்புள்ள காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டி, அதன் ஓரமாகவே அறுத்தால் வெட்டு கோணாது. உயரம் 14 மி.மீ. அறுத்ததும் உப்புத்தாளில் தேயுங்கள்.

நிஜக் கூண்டுச் சுவர், ஓரங்குல இரும்புத் தகடுகள் எட்டை அடுக்கியது. உள்ளே 11 அங்குல டால்கிரன் பீரங்கிகள் இரண்டு. அதனால் ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு துளைகள் போட்டு, கறுப்படித்த பல்குச்சி நுனிகளைச் சற்றே நீட்டி வையுங்கள். கூரைக்குப் பைப்பின் உள்ளளவுக்கு அட்டை வட்டம் வெட்டி ஒட்டுங்கள். நிஜத்தில் அங்கே ரயில் தண்டவாளங்களைப் பரப்பியிருந்தார்கள், எனவே அட்டையில் நெருக்கமாக இணைகோடுகள் கீறிவிடலாம்.

கூண்டைத் தளத்தில் ஒட்டிவிடாதீர்கள்! நீளவாக்கில் தளத்தின் மையத்தில், அடியிலிருந்து குண்டூசியை ஏற்றிக் கூரையின் நடுவில் செருகுங்கள், கூண்டு சுழலும். பழைய கப்பல்களில் பக்கவாட்டுப் பீரங்கிகளைக் குறிவைக்கக் கப்பலையே திருப்ப வேண்டும். இங்கே நீராவி இயந்திரம் கூண்டைத் திருப்பியது. ஆனால் சுழலத் தொடங்குவதும் கஷ்டம், நினைத்த இடத்தில் நிற்பதும் கஷ்டம். கூண்டுக்குள் பொறுப்பிலிருந்த லெப்டினென்ட் கிரீன், அது சுழலும்போதே சுட வேண்டியிருந்தது.

படி 3: மாலுமி அறை

மூன்று சிறு அட்டைச் சதுரங்களை அடுக்கி 6 மி.மீ. உயரப் பெட்டியாக்கி, முன்முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி நடுக்கோட்டில் ஒட்டுங்கள். பார்வைப் பிளவைப் பேனாவால் கோடாகப் போடுங்கள். கேப்டன் வார்டன் கண்ணை வைத்திருந்த அந்தப் பிளவில்தான் குண்டு வெடித்தது. அவருக்குப் பார்வை மங்கியதும் மானிட்டர் கொஞ்ச நேரம் விலகிப்போனது, வர்ஜீனியாவும் திரும்பிப் போய்விட்டது. மணிக்கணக்கில் சுட்டும் ஒன்றின் கவசத்தை மற்றொன்றால் துளைக்க முடியவில்லை.

கூண்டுக்குப் பின்னால் புகைபோக்கி வைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். சண்டையின்போது அவற்றைக் கழற்றி வைத்துவிடுவார்கள், எனவே நமக்கும் வேலை மிச்சம்.

படி 4: பெயிண்ட்

மெல்லிய பூச்சாக இரண்டு முறை. முதல் பூச்சுக்கு முன்பே துளைகளின் அருகில் வட்ட அரத்தால் இரண்டு மூன்று பள்ளங்கள் தேய்த்துவிடுங்கள். 1862 ஜூலையில் ஜேம்ஸ் ஆற்றில் எடுத்த புகைப்படங்களில் கூண்டின் மேல் அந்தக் குண்டு வடுக்கள் தெளிவாகத் தெரிகின்றன. 2002-இல் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்த அசல் கூண்டு இப்போது நியூபோர்ட் நியூஸ் நகரின் மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கை பழகியபின் இதே அளவில் வர்ஜீனியாவையும் செய்து பக்கத்தில் வைக்க விரும்பினால், 42 செ.மீ. நீளத்துக்கு அட்டை தேவைப்படும்.