இரகசியத்தை உறுதிக்குள் வையுங்கள்

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றை வைத்துக் குடும்ப இரகசியக் கதை எழுதுகிறீர்களா? இரகசியத்தை அம்மம்மாவின் வாயில் வைக்காமல் காணி உறுதிக்குள், அதாவது நிலப் பத்திரத்துக்குள், வையுங்கள். மரணப்படுக்கையில் உண்மை சொல்லும் காட்சிக்குச் செலவாகும் பத்துப் பக்கம் மிச்சம். (அந்தக் காட்சி எனக்கு அலுத்துப் போய் வெகுகாலம்.)

காரணம் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கிற சட்டம் அது. யாருக்கு யார் பிள்ளை, எந்தத் தாரத்துப் பிள்ளை என்ற கேள்வி வராமல் முதுசக் காணி கை மாறுவது கஷ்டம். 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டப்படி, பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். ஆக, முப்பது வருடம் மூடி வைத்த பெயர் உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் தானாக எழும்பும். 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்ற ஒரு வரியே போதும்: பக்கத்து வளவுக்காரிக்கு எங்கள் கிணற்றில் ஏன் பங்கு? அப்புறம் சண்டை வேலியில் தொடங்கும், பேசி வைத்த கலியாணம் குழம்பும், வழக்கு பேரப்பிள்ளை வரை இழுபடும்.

காணியில்லாத குடும்பத்துக்கு இது சரிவராது. காதல், போரில் காணாமல் போனவர் பற்றிய இரகசியங்களுக்கும் அப்படித்தான். அங்கே கடிதமோ பழைய படமோ பொருந்தும். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் மட்டும் கைவிட வேண்டாம், பிரதி தேடிக் காணிப் பதிவகத்துக்கு அலைவதே ஒரு அத்தியாயம்.