உள்ளூர் இணைய வணிகப் பங்குகளை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடன் வாங்கிப் பங்கு வாங்கக்கூடாது, எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில் போடக்கூடாது என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன். உணவு டெலிவரி, மளிகை டெலிவரி, கூப்பன் என்று அக்கம்பக்கத்துக் கடைகளை நம்பி நடக்கும் இணைய நிறுவனங்களில் புதியவர்கள் சறுக்குவது வேறு இடத்தில்.

மொத்த ஆர்டர் மதிப்பை வருவாய் என்று படிப்பது

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு நண்பர் டெலிவரி நிறுவனம் ஒன்றின் அறிக்கையைக் காட்டி, "விற்பனையோடு ஒப்பிட்டால் பங்கு எவ்வளவு மலிவு பாருங்கள்" என்றார். அவர் விற்பனை என்று சொன்னது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த மொத்த ஆர்டர் மதிப்பு. வருவாய் பல பக்கங்கள் தள்ளி இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டதும் பங்கு மலிவாகத் தெரியவில்லை.

நூறு டாலர் ஆர்டரில் பெரும்பங்கு கடைக்காரருக்குப் போய்விடும். நிறுவனத்துக்கு மிஞ்சுவது கமிஷனும் கட்டணமும்தான். டெலிவரி செய்பவரின் கூலி, தள்ளுபடி, விளம்பரம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

கூப்பன் விற்ற குரூப்பான் 2011இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தபோது, 2010ஆம் ஆண்டின் வருவாய் சுமார் 71 கோடி டாலர் என்று காட்டியது. கடைகளுக்குச் சேர வேண்டிய பணமும் அதற்குள் இருந்தது. அதைக் கழித்துத் திருத்தியபோது வருவாய் சுமார் 31 கோடியாகச் சுருங்கியது. புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்கச் செய்த விளம்பரச் செலவை ஒதுக்கிவிட்டு, தானே வகுத்த ஓர் அளவுகோலில் அதே ஆண்டுக்கு 6 கோடி டாலர் லாபமும் காட்டியது. முறையான கணக்கில் அது 42 கோடி டாலர் செயல்பாட்டு நஷ்டம். நவம்பர் 2011இல் 20 டாலருக்கு வெளியான பங்கு, ஓராண்டில் 3 டாலருக்கும் கீழே போனது. திருத்திய எண்கள் வெளியீட்டுக்கு முன்பே விண்ணப்பத்தில் இருந்தன. படித்துப் பார்த்திருக்கலாமே!

இன்னொன்று. சரக்கைத் தானே வாங்கி விற்கும் நிறுவனம் முழு விலையையும் வருவாயாக எழுதும். இடைத்தரகு செய்யும் நிறுவனம் கமிஷனை மட்டும் எழுதும். இரண்டின் வருவாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும்.

ஓர் ஊரில் ஓடியது எல்லா ஊரிலும் ஓடும் என்று நம்புவது

ஒரு நகரத்தில் சேர்த்த கடைகளும் டெலிவரி ஆட்களும் அடுத்த நகரத்தில் உதவ மாட்டார்கள். அங்கே முதலிலிருந்து செலவு செய்ய வேண்டும். இணையத்தில் மளிகை விற்ற அமெரிக்க நிறுவனமான வெப்வேன், 1999இல் ஓக்லண்டில் தொடங்கிய முதல் கிடங்கு நிலைபெறும் முன்பே, 26 நகரங்களில் கிடங்கு கட்ட நூறு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஜூலை 2001இல் மூடிவிட்டது.

தள்ளுபடியில் வந்த வளர்ச்சி

தள்ளுபடி குறைந்த பிறகு வரும் காலாண்டுகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"அமேசானும் முதலில் நஷ்டத்தில்தானே ஓடியது?"

ஓடியது. 1997இல் பங்குச் சந்தைக்கு வந்த அமேசான், முதல் காலாண்டு லாபத்தை 2001இன் கடைசியில்தான் காட்டியது. ஆனால் வாடிக்கையாளர் உடனே பணம் கட்டுவார், சரக்கு கொடுத்தவருக்கு அமேசான் பிறகுதான் கொடுக்கும். வியாபாரம் பெருகப் பெருக ரொக்கக் கையிருப்புக்கு அது உதவியது. ஒவ்வொரு ஆர்டரிலும் கைக்காசை இழக்கும் டெலிவரி நிறுவனத்துக்கு வியாபாரம் பெருகினால் நஷ்டமும் சேர்ந்தே பெருகும். நீங்கள் வாங்கப்போவது இதில் எந்த வகை என்று பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள்.