கேபிள் உரிமப் புதுப்பிப்பில் சமூகத் தொலைக்காட்சிக்கு நிதி கோருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நகரங்களில் நகர்மன்றக் கூட்டங்களையும் பள்ளி விளையாட்டுகளையும் உள்ளூர்க்காரர்கள் தாமே தயாரிக்கும் நிகழ்ச்சிகளையும் ஒளிபரப்பும் சமூகச் சேனல்கள் பலவும், கேபிள் நிறுவனத்துடன் நகராட்சி செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தத்தை நம்பியே இயங்குகின்றன. அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கோட்டைவிட்டால் அது முடியும்வரை, அதாவது பல ஆண்டுகளுக்கு, திருத்த வழியிராது.

முதல் தவறு தாமதம். 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, உரிமம் முடிவதற்கு முந்தைய 36ஆம் மாதத்தில் தொடங்கும் ஆறு மாதங்களுக்குள் முறைப்படியான புதுப்பிப்பு நடைமுறையைத் தொடங்கிவைக்க வேண்டும். முறைசாராப் பேச்சுவார்த்தையைச் சட்டம் அனுமதிக்கிறது, பெரும்பாலான ஒப்பந்தங்கள் அவ்வழியில்தான் முடிகின்றன. ஆனால் முறைப்படியான வழியையும் திறந்துவைத்திருக்கும் நகரத்தின் சொல்லுக்கே மேசையில் எடை உண்டு.

நிறுவனத்தின் முன்மொழிவு சமூகத் தேவைகளை நிறைவுசெய்கிறதா என்பதைச் செலவையும் கணக்கில் கொண்டே பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எனவே "கூடுதல் நிதி வேண்டும்" என்ற பொதுவான கோரிக்கை நிற்காது. பொது விசாரணையின் பதிவும், ஒவ்வொரு கேமராவின் வயதும், மாற்றுக் கருவியின் விலையும் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியிருந்தால் அதை அவ்வப்போதே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். வாய்மொழியாகக் கடிந்துகொண்டு விட்டுவிட்ட குறையைக் காட்டிப் பின்னர் புதுப்பிப்பை மறுக்க இயலாது.

ஆயினும் பெரும் இழப்பு நேர்வது பணத்தை எந்தத் தலைப்பில் கேட்பது என்பதில்தான். நிறுவனம் நகரத்துக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்துக்கு அதன் கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5 விழுக்காடு உச்சவரம்பு. சமூகச் சேனல் வசதிகளுக்கென ஒப்பந்தம் கோரும் மூலதனச் செலவு, அதாவது கேமரா, ஸ்டுடியோ போன்றவற்றுக்கான செலவு, அந்த வரம்புக்கு வெளியே நிற்கும். சம்பளமும் வாடகையும் மூலதனம் ஆகா. கேபிள் வருவாய் ஒரு கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், உரிமக் கட்டணம் 5 லட்சம், சமூகச் சேனலுக்கான மூலதன உதவி தனியே ஒரு விழுக்காடாக 1 லட்சம். அந்த 1 லட்சத்தில் 60,000 டாலர் சம்பளத்துக்கென எழுதப்பட்டிருந்தால், நிறுவனம் அதைக் கழித்துக்கொண்டு நகரத்துக்கு 4,40,000 மட்டுமே கட்டணமாகத் தர முடியும். ஸ்டுடியோவுக்கு வந்ததாக எண்ணிய பணம் நகராட்சிக் கருவூலத்திலிருந்தே போயிருக்கும்.

இலவசச் சேவைகளிலும் இதே கண்ணி உண்டு. ஒப்பந்தத்தின்படி பள்ளிகளுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் தரப்படும் இலவச இணைப்புகளும் 5 விழுக்காட்டில் சேரும் என்று கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 2019இல் ஆணையிட்டது. அவற்றைச் சந்தை விலையில் அல்ல, நிறுவனத்துக்கு ஆகும் செலவிலேயே மதிப்பிட வேண்டும் என்று ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் திருத்தியது. வேண்டாத இலவசங்களைப் பழக்கத்துக்காகத் தக்கவைப்பது நகரம் தன் பணத்தைத் தானே குறைத்துக்கொள்வதாகும்.

மொத்த வருவாயின் வரையறையையும் மேலோட்டமாக விடலாகாது. இணையம், தொலைபேசியோடு கேபிளைத் தொகுப்பாக விற்று, தள்ளுபடி முழுவதையும் கேபிளின் கணக்கில் எழுதினால் வருவாய் சுருங்கும். தள்ளுபடி விகிதப்படி பகிரப்பட வேண்டும் என்றும் கணக்குத் தணிக்கைக்கு உரிமை உண்டு என்றும் ஒப்பந்தமே சொல்ல வேண்டும். சந்தாதாரர்கள் ஸ்ட்ரீமிங்குக்கு நகரும் காலத்தில் விழுக்காட்டை மட்டும் நம்புவதைவிட, மூலதன உதவியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் நிலையான தொகையாகக் கேட்பதே விவேகம்.

கலிபோர்னியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலமே உரிமம் தருவதால் இந்தப் பேச்சுவார்த்தை மேசையே கிடையாது. அங்கே சமூகச் சேனல் வசதிகளுக்கான, ஒரு விழுக்காடு வரையிலான கட்டணத்தை உள்ளாட்சி தன் சட்டத்தால் விதிக்க வேண்டும். நகராட்சியே உரிமம் தரும் இடங்களிலோ, உரிமக் கட்டணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை நகரமே முடிவுசெய்கிறது. ஆகையால் ஸ்டுடியோ நடத்துவோர் தம் நடைமுறைச் செலவுக்கான பங்கை நகர்மன்றத்துடன் தனி ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டும், அதையும் கேபிள் நிறுவனத்துடன் கையெழுத்தாவதற்கு முன்பே.