வெளிநாட்டுல நாம தங்கியிருக்கிற வீட்டோட சொந்தக்காரங்களுக்கு நம்ம சாப்பாடு: புதுசா சமைக்கிறவங்களுக்கு

மெனுவ சின்னதா வைங்க. சாதம், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு பொரியல், தயிர், அவ்ளோதான். பிரியாணிலாம் பழகாத கிச்சன்ல முதல் தடவையே வேணாம்.

மொதல்ல அலர்ஜி கேளுங்க. இத மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க. ஐரோப்பிய யூனியன்ல உணவுல இருந்தா கட்டாயம் சொல்லியே ஆகணும்னு இருக்கிற 14 அலர்ஜி பொருள்ல கடுகும் ஒன்னு, நாம அத கணக்குலயே வைக்கமாட்டோம். பெருங்காயத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், க்ளூட்டன் (கோதுமையில இருக்கிற ஒரு புரதம்) ஆகாதவங்க இருந்தா போடவே போடாதீங்க.

அடுத்து அடுப்பு. இண்டக்ஷன்னா பாத்திரத்தோட அடியில காந்தம் ஒட்டணும், ஒட்டலேன்னா சூடாகாது. குக்கர் இருக்காதுன்னு வச்சுக்கிட்டே ப்ளான் பண்ணுங்க, அதனாலதான் துவரம்பருப்பு சொல்லல, பாசிப்பருப்பு திறந்த பாத்திரத்துலயே வெந்துரும்.

நாலு பேருக்கு 1 கப் பருப்ப கழுவி, 4 கப் தண்ணி, கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டு மிதமான தீயில அரைமணி நேரம் வேகவிடுங்க, பொங்கி வர்ற நுரைய கரண்டியால எடுத்துருங்க, நல்லா குழைஞ்சதும் உப்பு. பக்கத்துலயே உருளைக்கிழங்கு வேகட்டும். சாதம் கடைசியா வைங்க, சூடா இருக்கணும்ல.

இப்போ தாளிப்பு, இங்கதான் கவனம் வேணும். ஸ்மோக் அலாரம் இருக்கிற வீட்ல எண்ணெய் புகையிற வரைக்கும் காயவிட்டா அலாரம் அடிச்சிரும். ஜன்னல தொறந்து, எக்ஸாஸ்ட் போட்டுட்டு, மிதமான தீயில எண்ணெய் வைங்க, ஒரே ஒரு கடுக போட்டுப் பாருங்க, அது வெடிச்சா மீதிய போட்டு உடனே மூடி, சத்தம் அடங்குனதும் சீரகம், அப்புறம் தீய அணைச்சிட்டு காஞ்ச மிளகாய். மிளகாய கிள்ளாம முழுசா போடுங்க, வாசனை வரும், காரம் பெருசா எறங்காது, காய்ஞ்ச எண்ணெயில மிளகாய் கருகுனா வீடே இருமும். பாதி தாளிப்பு பருப்புக்கு. மீதியில உருளைக்கிழங்க உப்பு, மஞ்சள் போட்டு பெரட்டிருங்க.

பரிமாறும்போது மிளகாய ஒதுக்கி வைக்கணும்னு சொல்லிருங்க, தெரியாதவங்க அப்படியே கடிச்சிருவாங்க. காரம் பட்டுச்சுன்னா தண்ணி குடுக்காதீங்க, மிளகாயோட காரம் தண்ணியில கரையாது, தயிரோ பாலோ குடுங்க. கையால சாப்பிடலாம்னு சொல்லிக் காட்டுங்க, கட்டாயப்படுத்த வேணாம், ஸ்பூனும் பக்கத்துல இருக்கட்டும்.

மிச்சம் சாதத்த வெளியிலயே விடாதீங்க, 1 மணி நேரத்துக்குள்ள ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. அடுப்பு மேல தெறிச்ச மஞ்சள அன்னைக்கே துடைச்சிருங்க, காஞ்சா கறை லேசுல போகாது.