வரி மிச்சம் என்று வாங்கிய பாலிசியும் வேறு சில தவறுகளும்

இந்த வருடத் தொடக்கத்தில், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தார். "அண்ணா, மார்ச்சுக்குள்ள போடணுமாம், சம்பளத்துல வரி மிச்சமாகுமாம்" என்றார். இருபது வருட எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் கலந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட அதே வகை. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். செலவைக் குறையுங்கள், கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையிருப்பு இல்லாமல் எஸ்.ஐ.பி. தொடங்குவது

2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் சம்பளம் நின்றுபோன நண்பர் ஒருவர், மூன்று வருடமாக எஸ்.ஐ.பி.யில் மாதாமாதம் பணம் போட்டுச் சேர்த்த மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களை வீட்டு வாடகைக்காக அடிமட்ட விலையில் விற்றார். அவர் தேர்ந்தெடுத்த ஃபண்டில் குறையில்லை. ஆறு மாதச் செலவு வங்கியில் தனியாக இருந்திருந்தால் அந்த யூனிட்களைத் தொட்டே இருக்க மாட்டார்.

காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாக வாங்குவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2010 மார்ச். எனக்கு மாதச் சம்பளம் இருபத்தைந்தாயிரம். அப்பாவின் நண்பர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்தார். "தம்பி, இருபது வருஷம் கட்டு, டபுளா வரும், வரியும் மிச்சம்" என்றார். வருடத்துக்கு 48,000 ரூபாய் பிரீமியம், பத்து லட்சம் காப்பீடு. அம்மா காபி கொண்டுவந்து வைப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கணக்கை ரொம்ப நாள் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன். பத்து சதவீத வரி வரம்பில் இருந்த எனக்கு அந்த வருடம் மிச்சமான வரி ஐந்தாயிரத்துக்கும் குறைவு. அதற்காக இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறேன். டபுள் என்பதும் கேட்கத்தான் பெரிதாக இருக்கிறது. 9.6 லட்சம் கட்டி 19.2 லட்சம் வந்தால் ஆண்டுக்கு ஆறு சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. அன்று பி.பி.எஃப். என்ற அரசுச் சேமிப்புத் திட்டம் எட்டு சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது, அதற்கும் 80சி பிரிவில் அதே வரிச் சலுகை உண்டு. அதே தொகை எட்டு சதவீதத்தில் இருபது வருடம் வளர்ந்தால் 23 லட்சத்தைத் தாண்டும். காப்பீட்டுக்கு, சேமிப்பு கலக்காத டெர்ம் பாலிசி தனியாக எடுத்திருக்கலாம். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் பத்து லட்சத்தை வைத்துக்கொண்டு என் குடும்பம் எத்தனை வருடம் ஓட்டியிருக்கும்? இந்தக் கேள்வியை மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2012 கடைசியில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. பாலிசியை சரண்டர் செய்து, அதாவது பாதியிலேயே முடித்துப் பணத்தை வாங்கிவிடலாம் என்று கிளைக்குப் போனேன். கட்டியது 1,44,000. கிடைப்பது முப்பதாயிரத்தை ஒட்டி என்றார்கள். அந்தக் காலத்து விதி அப்படி: முதல் வருடப் பிரீமியத்தைக் கழித்துவிட்டு, மீதியில் முப்பது சதவீதம்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. "ஒரு லட்சத்துக்கு மேல் போகிறதே" என்ற பதைப்பில், கடன் வாங்கி மருத்துவமனைக்குக் கட்டினேன். பாலிசியைத் தொடர்ந்து இன்னும் நான்கு பிரீமியம் கட்டினேன். போன பணத்தைக் காப்பாற்ற மேலும் 1,92,000 ரூபாயை அதிலேயே போட்டிருக்கிறேன். 2016-இல்தான் பெய்ட்-அப் ஆக்கினேன், அதாவது மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் பாலிசியை அப்படியே விட்டுவைத்தேன். அந்தப் பணம் 2030 வரை அங்கேதான் இருக்கும்.

இப்போது அந்தத் தம்பியின் நிலையைப் பாருங்கள். அவர் இருப்பது புதிய வரி முறையில். அதில் 80சி கழிவே கிடையாது. மேலும் 2025-26 முதல் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே வராது. அவர் வாங்குவது மாதம் நாற்பத்தைந்தாயிரம். இல்லாத வரியை மிச்சப்படுத்த இருபது வருடம் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு: பாலிசி பத்திரம் கைக்கு வந்து முப்பது நாள் ஆகவில்லை என்றால் ஃப்ரீ லுக்கில் திருப்பிக் கொடுங்கள். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். அந்த நாள் தாண்டியிருந்தால் சரண்டர் தொகை எவ்வளவு, பெய்ட்-அப் ஆக்கினால் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதுவரை கட்டியதை மறந்துவிட்டு, இனி கட்டப்போவதையும் இனி வரப்போவதையும் மட்டும் ஒப்பிடுங்கள். முடிய மூன்று நான்கு வருடம்தான் இருக்கிறது என்றால் தொடர்வதே பெரும்பாலும் சரியாக வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதை நிறுத்துங்கள். மருத்துவப் பரிசோதனையில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

மாமாவிடம் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் எனக்குச் சொன்னார். முதல் வருடப் பிரீமியத்தில் பெரிய பங்கு கமிஷனாகப் போகும் பொருளை, இருபத்து நான்கு வயதுப் பையனிடம் சேமிப்பு என்று சொல்லி விற்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

நகையை முதலீடாக எண்ணுவது

போட்டு அழகு பார்க்க வாங்குங்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுப்பது

எடுக்காதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரியும் உண்டு.

மாதம் ஐந்து சதவீத வட்டி தருகிறேன் என்பவரிடம் பணம் போடுவது

வேண்டாம். சொல்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

நாமினி

கல்யாணத்துக்குப் பிறகு பி.எஃப். நாமினேஷனைப் புதிதாகக் கொடுத்தீர்களா? அந்தத் தம்பி படிவத்தைக் கிழித்துப் போட்ட அன்று நானும் என்னுடையதைத் திறந்து பார்த்தேன். அம்மா பெயர்தான் இருந்தது. அன்று மாலையே மாற்றினேன்.